நடுவில் கரண்ட் போன பாட்டு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கச் சாலையில், ஒரு பழைய வெள்ளைக் கார் கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி நிற்கும். உள்ளே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். மடியில் ஒரு நோட்டு, கையில் பேனா. முதல் தடவை பார்க்கிறவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து அலுவலகம் ஒன்றில் கோப்பு தள்ளுகிறவள் நான். மனசு கேட்காமல் போய்க் கண்ணாடியைத் தட்டி, ஏதாவது பிரச்சனையாம்மா என்று விசாரித்தேன். அவள் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, "பாட்டு கேட்டுகினு இருக்கேங்க, இன்னும் பதினாலு பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில் தொடங்கிய பழக்கம் ஆறு வருஷமாக நீடிக்கிறது. பிற்பாடு அவளிடம்தான் நான் கார் ஓட்டக் கற்றேன்.

அவள் பெயர் தமிழ்செல்வி. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாள். ஆள் ஒன்று, கார் ஒன்று, அவ்வளவுதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், எதை வேண்டுமானாலும் எழுதுங்க, வயசை மட்டும் போட்டுடாதீங்க என்றாள். நாற்பத்தொன்று.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பி.காம். முடித்து, டவுனில் பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் ரசீது போடுகிற வேலைக்கு வந்தாள். அங்கே கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் எல்லோரும், ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, நீங்க வரக்கூடாதா என்று இவளைக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு இவளுக்கே ஆசை வந்துவிட்டது. ஓட்டக் கற்று, சொல்லித்தரக் கற்று, உரிமம் வாங்கி, கடைசியில் ஒரு பழைய காரையும் வாங்கிவிட்டாள். இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

பாட்டுக் கதை முதல் வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது. வண்டியில் சும்மா எஃப்.எம். வைப்பாள். ஒரு நாள் நர்ஸ் ஒருத்தி செங்கம் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஊருக்கே மனப்பாடமான சினிமாப் பாட்டு ஒன்று வந்தது. நர்ஸ் கூடச் சேர்ந்து பாடினாள். சரணத்தில் உருகிக் கண்ணை மூடிவிட்டாள். கரும்புச்சாறு வண்டிக்காரர் கண்ணாடி டம்ளர்களோடு நடைபாதைக்குத் தாவியதால் பிழைத்தார். அன்றோடு எஃப்.எம். நின்றது. ஆனால் சத்தமே இல்லாமல் ஓட்டச் சொன்னால் பெண்களுக்கு இன்னும் மோசம். ஸ்டீரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு, தோளை ஏற்றிக்கொண்டு, கிளட்ச்சை வெடுக்கென்று விட்டுவிடுவார்கள்.

பிறகு ஒரு நாள் அவள் போன் தானாக ஏதோ ஒரு பாட்டை எடுத்துப் போட்டது. யார் பாடியது என்று யாருக்கும் தெரியாது, அதற்கு முன்னால் கேட்டதும் இல்லை. அன்றைக்கு ஓட்டிய கல்லூரிப் பெண் ஒரு உதறல் இல்லாமல் கிரிவலப் பாதையில் பாதி தூரம் போய்விட்டாள். தமிழ்செல்விக்கு அங்கேதான் பொறி தட்டியது. தெரிந்த பாட்டைப் போட்டால் மனசு பாட்டோடு போய்விடும், பாட்டே இல்லை என்றால் மனசு பயத்தோடு போய்விடும், தெரியாத பாட்டைப் போட்டால் காது மட்டும் அங்கே இருக்கும், கையும் காலும் வேலையைப் பார்க்கும். இதுதான் அவள் கண்டுபிடிப்பு. விஞ்ஞானி ஒருத்தி நம் ஊரில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் கேலி செய்வேன். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

ஆனால் இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. மூன்று தடவை கேட்டால் எந்தப் பாட்டும் தெரிந்த பாட்டு ஆகிவிடும். புதுசு புதுசாக வேண்டும். சினிமாப் பாட்டு உதவாது. காலையில் வந்தால் சாயங்காலம் டீக்கடையெல்லாம் அதுதான். யாரும் கேட்காத பாட்டு வேண்டும், அதுவும் வாரா வாரம் வேண்டும். அப்படித்தான் சினிமாவுக்கு வெளியே, கம்பெனி எதுவும் இல்லாமல், சொந்தக் கையால் பாட்டுப் போட்டு இணையத்தில் ஏற்றுகிற பிள்ளைகளின் உலகத்துக்குள் அவள் போய் விழுந்தாள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமைதான் புதுப் பாட்டை வெளியிடுகிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வகுப்பு கிடையாது.

எப்படித் தேடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். போன் எடுத்துக் கொடுக்கிற பட்டியலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அது ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்ததுதானே என்பாள். ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கிற பெயர்களைப் படிப்பாள். டிரம்ஸ் யார், ஒலிப்பதிவு யார் என்று பார்த்து, அந்த டிரம்ஸ்காரன் பக்கத்துக்குப் போவாள். அவன் தனியாக ஒரு பாட்டுப் போட்டிருப்பான், நாற்பது பேர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அங்கிருந்து அவன் சிநேகிதன் பக்கத்துக்குப் போவாள். இப்படிப் போய்ப் போய் நாகர்கோவிலில் மொட்டை மாடியில் பாடுகிறவன், யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் சேர்ந்த குழு, கிள்ளானில் ராப் பாடுகிற ஒரு மலேசியப் பையன், பறையையும் கீபோர்டையும் சேர்த்து அடிக்கிற விழுப்புரத்துப் பெண்கள் இரண்டு பேர் என்று எல்லோரையும் பிடித்து வைத்திருக்கிறாள். நான் ரிவர்ஸ் எடுக்கக் கற்றது அந்தக் கிள்ளான் பையன் புண்ணியத்தில்தான். அவன் என்ன திட்டினான், யாரைத் திட்டினான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, வண்டி மட்டும் நேராகப் பின்னால் போனது.

எல்லாப் பாட்டும் அவளிடம் தேறாது. எடுத்ததுமே தடாலென்று அடித்தால் நோட்டில் பெருக்கல் குறி விழும், கற்கிறவள் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுவாள் என்று. ஒரு ராப் பாட்டில் நடுவே லாரி ஹாரன் சத்தம் இருந்தது. அதைக் கவனிக்காமல் போட்டுவிட்டாள், ஒரு வக்கீல் அம்மா ரோட்டை விட்டிறங்கி வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குள் போய்விட்டார். அதிலிருந்து எந்தப் பாட்டையும் முழுசாக இரண்டு தடவை கேட்காமல் நோட்டில் ஏற்றுவதில்லை.

கேட்டதோடு விடமாட்டாள். பாட்டின் கீழே கருத்தும் எழுதுவாள். "அருமையான பாட்டு. இதில் மூன்று பேர் கியர் மாற்றக் கற்றுக்கொண்டார்கள்." இப்படி எழுதினால் பாடிய பையன் என்ன நினைப்பான். ஒருவன், அக்கா இது காதல் தோல்விப் பாட்டு என்று பரிதாபமாகப் பதில் போட்டிருந்தான். அதனாலென்ன தம்பி, இரண்டாவது கியருக்கு ரொம்பப் பொருத்தம் என்று இவள் திருப்பி எழுதியிருந்தாள்.

இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். போன ஏப்ரலில் எங்களால் சிரிக்க முடியவில்லை.

அப்போது வெள்ளையம்மாள் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது. ரமணாசிரமம் பகுதியில், மெயின் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, கோதண்டராமன் என்ற ஓய்வுபெற்ற இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை. அவருக்குக் கண்ணில் பார்வை மங்கிப் போய், கார் ஷெட்டிலேயே கிடந்தது. அவர் மனைவி நந்தினி அம்மாளை மாதம் ஒரு தடவை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வெளியாள் டிரைவர் யாரும் அந்த அம்மாளுக்கு ஒத்துவரவில்லை. நீ ஓட்டக் கற்றுக்கொள், காரை உன் கையில் கொடுக்கிறோம், சமையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த அம்மாளே வெள்ளையம்மாளிடம் சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற மகன் மட்டும், மே மாதம் நான் வருவதற்குள் அவங்க லைசென்ஸ் வாங்கியிருந்தால் சரி, இல்லையென்றால் காரை விற்றுவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

வெள்ளையம்மாளுக்கு அது வெறும் வேலை மாற்றம் இல்லை. இருபது வருஷமாக நான்கு வீட்டு அடுப்படிகளில் மாறி மாறி நின்றவர். அடுப்பு முன்னாடியே நின்னு நின்னு போய்ச் சேர்ந்துடுவேன்னு நெனச்சேன் மேடம், இப்பதான் உக்காந்து பாக்குற வேலை ஒண்ணு வந்துருக்குது என்று தமிழ்செல்வியிடம் சொல்லியிருக்கிறார். அவர் இவளை மேடம் என்பார், வயதில் மூத்தவர் என்பதால் இவள் அவரை அக்கா என்பாள்.

கற்றுக்கொண்டதில் குறையே இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் வெள்ளையம்மாளைப் போல ஓட்ட ஆள் கிடையாது. கிரிவலப் பாதையில் சனிக்கிழமைக் கூட்டத்தில்கூட நிதானமாகப் போவார். ஆனால் டெஸ்ட் அன்றைக்கு வண்டியில் பாட்டு கிடையாது. பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பார், அவரும் பேசமாட்டார். முதல் தடவை வெள்ளையம்மாள் நான்கு தரம் இன்ஜினை அணைத்தார். இரண்டாம் தடவை நன்றாகத்தான் கிளம்பினார், எதிரே ஆளும் இல்லை, ஆடும் இல்லை, வெறும் ரோட்டில் திடீரென்று பிரேக்கை மிதித்து நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கினார். நல்ல மனுஷன், பயிற்சி போதலைம்மா, இன்னொரு நாள் வாங்க என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு டீக்கடையில் வைத்துத் தமிழ்செல்வி கேட்டாள், எதற்கு நின்றீர்கள் என்று. வெள்ளையம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"யாரோ ஏய்னு கூப்ட்ட மாதிரி இருந்துச்சு மேடம். யாரும் இல்லைனு எனக்கே தெரியும். இன்னா பண்றது, காலு மிதிச்சிருச்சு."

அது தசரதன் குரல். தசரதன் அவர் கணவர், செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் முதலாளியின் வேனில் நான்கு நாள் மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஏய் கிளட்ச்சு, ஏய் பாத்து, ஏய் உனக்கு எதுக்குடி இதெல்லாம் என்று நான்கு நாளும் கத்தியே தீர்த்திருக்கிறார். கையை ஓங்கினவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை, வாய்தான் ஜாஸ்தி. கத்தியதை அன்றைக்கே அவர் மறந்துவிட்டார். இந்த அம்மாள் இருபத்தைந்து வருஷமாக மறக்கவில்லை. பாட்டு இருந்தால் அந்தக் குரல் கேட்காது. பாட்டு நின்றால் வந்துவிடும்.

தமிழ்செல்வி அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, சொல்லாமலே சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தன் கண்டுபிடிப்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நான் யாருக்கும் ஓட்டவே சொல்லித்தரலை, பயத்து மேல பாட்டைப் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன் என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். ஆனால் என் காரில் பாட்டு இல்லாமல் நான் ஓட்டினதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பாட்டில்லாமல் ஓட்ட வைத்துப் பார்த்தாள். நூறு அடிக்கு ஒரு தடவை பிரேக். பாட்டின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்துப் பார்த்தாள். குறைந்து ஓயும்போது வெள்ளையம்மாளின் தோள் மேலே ஏறியது. ஏப்ரல் பாதி ஆகிவிட்டது. மே முதல் வாரம் கோதண்டராமனின் மகன் வருகிறான். அதற்குள் இனி ஒரே ஒரு நாள்தான் டெஸ்டுக்குக் கிடைத்திருந்தது, இருபத்தெட்டாம் தேதி.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, நோட்டும் பேனாவுமாக வழக்கம்போல உட்கார்ந்தாள். அப்போது ஒரு பாட்டு வந்தது. 'ஈரச்சாக்கு' என்று பெயர் வைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து ஒரு பையன் தனியாகப் போட்டது. பாட்டின் பெயர் 'மதியம்'. கீபோர்டு, அவன் குரல், மெதுவாக ஒரு தாளம். கேட்டவர்கள் பத்தொன்பது பேர். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு மூன்றாவது நிமிஷத்தில் அப்படியே நின்றுவிட்டது. போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். கெடவில்லை, பாட்டு ஓடுவதைக் காட்டுகிற கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி எதுவும் இல்லை. உற்றுக் கேட்டால் எங்கேயோ ஒரு காகம் கத்தியது. அப்புறம் விட்ட இடத்திலிருந்து கீபோர்டும் குரலும் கிளம்பி வந்து பாட்டை முடித்துவைத்தன.

தமிழ்செல்விக்குக் கோபம். தம்பி, பாட்டு நடுவில் அறுந்திருக்கிறது, சரிபார்த்து மறுபடி ஏற்றவும் என்று எழுதினாள். பையன் பத்து நிமிஷத்தில் பதில் போட்டான். அவன் பெயர் மாறன். அறுந்து போகவில்லைங்க, பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் பதிவு செய்துகொண்டே இருந்தது, கரண்ட் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்து மீதியைப் பாடினேன், அப்புறம் போட்டுக் கேட்டால் அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, வெட்ட மனசு வரவில்லை என்று எழுதியிருந்தான். இவள் நோட்டில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'கரண்ட் கட்' என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனாள்.

நோட்டில் அடித்தவள், வகுப்புக்கென்று போனில் சேர்த்து வைத்த பாட்டுகளிலிருந்து அதை எடுக்க மறந்துவிட்டாள். மறுநாள் காலை வெள்ளையம்மாள் ஓட்டும்போது நான்காவது பாட்டாக 'மதியம்' வந்தது. கிரிவலப் பாதையில் அத்தியந்தல் தாண்டிப் போகிறார்கள். இவளுக்கு ஞாபகம் வந்து போனை நோக்கிக் கை நீட்டுவதற்குள் பாட்டு நின்றது, அதே நேரம் எதிரே ஒரு டவுன் பஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. தமிழ்செல்வி கையை இழுத்துக்கொண்டு, தன் பக்கம் இருக்கிற பிரேக்கின் மேல் காலை வைத்தாள். வெள்ளையம்மாள் ஓரம் கட்டி பஸ்ஸுக்கு வழி விட்டார். ஒரு மாட்டு வண்டியைத் தாண்டினார். மூன்றாவது கியர் போட்டார். சத்தமில்லை, காகம் கத்துகிறது, வண்டி போகிறது. பிறகு கீபோர்டு திரும்பி வந்தது.

"இன்னா மேடம், பாட்டு நடுவுல நின்னு போச்சா?"

"ஆமாக்கா. நீங்க நிக்கவே இல்லியே."

"வரும்னு நெனச்சேன். அத எதிர்பாத்துகினே போயிட்டேன்."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுத் தமிழ்செல்வி இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்று மாறனுக்கு எழுதினாள். தம்பி, அந்தக் கரண்ட் கட்டைக் கொஞ்சம் நீட்ட முடியுமா. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இது பாட்டுங்க, ரப்பர் இல்லை என்றான். நியாயந்தான், யாராக இருந்தாலும் கோபம் வரும். பிறகு இவள் நடந்ததையெல்லாம் எழுதினாள். வெள்ளையம்மாளின் பெயர், டெஸ்ட் நாள், அந்த ஏய் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினாள். பொழுது சாயும்வரை பதில் இல்லை. சாயங்காலம் மூன்று பாட்டுகள் வந்து சேர்ந்தன. கரண்ட் மூன்று நிமிஷம் போனது ஒன்று, ஐந்து நிமிஷம் போனது ஒன்று, எட்டு நிமிஷம் போனது ஒன்று. கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: எங்க ஊர்ல சாதாரணமா எட்டு நிமிஷத்துல வந்துரும் அக்கா, அதுக்கு மேல வேணும்னா சொல்லுங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த எட்டு நிமிஷப் பாட்டை அவன் ஊரறிய வெளியிட்டும்விட்டான். பெயர், 'மதியம் — வெள்ளையம்மாள் பதிப்பு'. அதை வெள்ளையம்மாளிடம் காட்டியபோது அவர் வெட்கப்பட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் அதே பாட்டு, திரும்பத் திரும்ப. மூன்று தடவை கேட்டால் உதவாது என்று பதினோரு வருஷம் சாதித்தவள், முப்பது நாற்பது தடவை அதையே போட்டாள். உன் விஞ்ஞானம் எங்கே போனது என்று கேட்டேன். வாயை மூடுங்க என்றாள். மூன்று நிமிஷம் தாண்டியது, ஐந்து தாண்டியது. எட்டில் இரண்டு நாள் தடுமாற்றம், பிறகு அதுவும் வந்தது. ஆனால் வெள்ளையம்மாளால் பாட்டு வரும் என்று தெரிந்தால்தான் ஓட்ட முடிந்தது. பாட்டே போடாமல் வெறுமனே கிளம்பினால் பழையபடி பிரேக். இருபத்தேழாம் தேதிவரை அது மாறவில்லை.

அதற்குத் தமிழ்செல்வி ஒரு யோசனை செய்தாள். இதைவிடக் கிறுக்குத்தனமான யோசனையை நான் கேட்டதில்லை, கேட்டதும் திட்டினேன். டெஸ்டின்போது போனைக் கார் ஸ்டீரியோவோடு இணைத்து உள்ளேயே வைத்துவிட்டு, பாட்டை முன்கூட்டியே ஓடவிடுவது. இன்ஸ்பெக்டர் ஏறுகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போயிருக்கும். டெஸ்ட் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவருக்கு ஒன்றும் கேட்காது, வெள்ளையம்மாளுக்கு மட்டும் பாட்டு ஓடுகிறது என்று தெரியும்.

இருபத்தெட்டாம் தேதி நானும் லீவு போட்டுவிட்டு டெஸ்ட் மைதானத்துக்குப் போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளையம்மாளுக்கு முன்னால் ஒருத்தர் ஓட்டிக்கொண்டிருந்தபோது தமிழ்செல்வி கணக்குப் போட்டுப் பாட்டை ஆரம்பித்துவிட்டு இறங்கினாள். வெள்ளையம்மாள் ஸ்டீரிங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் போனவர் திரும்பி வந்தார். இன்ஸ்பெக்டர் இறங்கி எங்கள் காரை நோக்கி நடந்தார். சரியாகக் கரண்ட் போனது. அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது.

அவர் வேப்பமர நிழலுக்குப் போய் நின்று பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தமிழ்செல்வி என் கையைப் பிடித்தவள் விடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து ஏறிக் கதவைச் சாத்தினார். இனி மூன்றே நிமிஷம்தான் பாக்கி. அப்புறம் கீபோர்டு முழுச் சத்தத்தில் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும். போன் உள்ளே இருக்கிறது, நாங்கள் வெளியே நிற்கிறோம்.

கார் நகர்ந்தது. உதறவில்லை. மைதானத்தின் ஓரமாகப் போய், இரண்டாவது கியர் மாறி, தூரத்துத் திருப்பத்தை நோக்கிப் போனது. தமிழ்செல்வி என் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நிமிஷம் என்றாள். ரெண்டரை என்றாள். திருப்பத்தில் காரின் வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. மூன்று நிமிஷம் ஆனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. கார் திருப்பத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. வந்து நின்றது, ரிவர்ஸ் எடுத்தது, நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே நேராகப் பின்னால் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, தாளில் கையெழுத்துப் போட்டு, எங்கள் பக்கம் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

தமிழ்செல்வி ஓடினாள். நாற்பத்தொரு வயதில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாஸ் ஆனதைக்கூடக் கேட்கவில்லை. பாட்டு வந்துச்சா, ஆபீசர் ஒண்ணும் சொல்லலியா என்றுதான் கேட்டாள். வெள்ளையம்மாள் ஸ்டீரியோவின் குமிழைக் காட்டினார். அது அணைந்திருந்தது.

"அவரு போன் பேசிகினு இருக்கும்போதே நிறுத்திட்டேன் மேடம். பெரிய மனுஷன் பக்கத்துல உக்காரும்போது பாட்டு பாடுனா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அந்தக் குரலு? வரலியாக்கா?"

"வந்துச்சு. திருப்பத்துல, ஒரு வாட்டி. கத்திட்டுப் போவட்டும்னு ஓட்டிகினே வந்துட்டேன்."

தமிழ்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்கும்தான், மறைப்பானேன். கடைக்குப் போய் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு சோடா குடித்தோம். தமிழ்செல்வி மாறனுக்குச் செய்தி அனுப்பினாள். கோதண்டராமன் வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது, இனி அந்தக் காரை யாரும் விற்கப்போவதில்லை. வெள்ளையம்மாளே ஓட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் கிளம்பினார், பக்கத்தில் தமிழ்செல்வி, பின்னால் நான்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தமிழ்செல்வி செருப்பைக் கழற்றினாள். பதினோரு வருஷமாக அந்த இடப்பக்கத்துப் பிரேக்கின் மேலேயே இருந்த காலைத் தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டாள். டவுனுக்குள் நெரிசல், ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் உரசின. வெள்ளையம்மாள் யாரையும் இடிக்கவில்லை, யாரும் அவரை இடிக்கவில்லை. ரயில்வே கேட்டுக்கு வருவதற்குள் தமிழ்செல்வி கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் எழுப்பக் கை நீட்டினேன், வெள்ளையம்மாள் பின்னால் பார்க்கிற கண்ணாடி வழியாக, வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

அவள் கண் விழித்தபோது கார் கோதண்டராமன் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. இன்ஜின் ஆறிப்போயிருந்தது. பதறிப்போய்க் காலைக் கீழே விட்டுப் பிரேக்கைத் தேடினாள், பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். எப்பக்கா நிறுத்துனீங்க என்று கேட்டாள்.

"அர மணி நேரம் ஆச்சு மேடம்" என்றார் வெள்ளையம்மாள்.